ஒரே ஆள் மூன்று காங்கா வாசிப்பது வெறும் மேடை வித்தையா?

இல்லை. காங்கா என்பது கையால் அடிக்கும் உயரமான கியூப மேளம். "ஒரு காங்காவில் வராதது மூன்றில் வந்துவிடுமா, கண்டிடோ காலத்திலிருந்தே இது கூட்டத்தைக் கவரச் செய்கிற வேலைதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு ஏதோ தாள வாத்தியம் பழகிவிட்டு இப்போது ஒற்றைக் காங்காவோடு உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காங்கா கலைஞர் கண்டிடோ கமேரோ 1921ல் கியூபாவில் பிறந்தவர். நான்கு வயதில் மாமா அவருக்குப் போங்கோ என்ற சிறிய இரட்டை மேளம் சொல்லிக்கொடுத்தது, காலியான கண்டென்ஸ்டு மில்க் டப்பா இரண்டில் தோல் கட்டி. அப்பாவிடம் 'த்ரெஸ்' என்ற கியூப கிதார், பிறகு பாஸ், அதற்கும் பிறகுதான் காங்கா. இந்த வரிசை முக்கியம். தந்தி வாத்தியம் வாசித்த காது உள்ளவர் என்பதால்தான் பின்னாளில் காங்காக்களைச் சுருதி சேர்த்து மெட்டு வாசிக்க முடிந்தது. ஹவானாவில் சிஎம்கியூ வானொலி, ட்ராப்பிகானா கேபரே என்று வாசித்துவிட்டு, 1946ல் கார்மென், ரோலாண்டோ என்ற நடன ஜோடியோடு நியூயார்க் வந்தார். அந்த நடனத்துக்குக் காங்காவுக்கு ஒருவர், கின்ட்டோ என்ற உச்சஸ்தாயி காங்காவுக்கு ஒருவர் என இரண்டு பேர் தேவை. கூட்டிப்போக ஒருவருக்குத்தான் பணம் இருந்தது. ஒரு கையால் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் கின்ட்டோவில் நடனத்துக்குப் பதில் சொன்னார். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்தார், அவ்வளவுதான். இதில் வித்தை எங்கே வந்தது?

உடனே "சானோ போஸோவை விட்டுவிட்டீர்களே" என்று யாராவது வருவார்கள். விடவில்லை. 1947ல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்து காங்காவை ஜாஸின் நடுவில் உட்காரவைத்தவர் அவர்தான். 1948 டிசம்பரில் ஹார்லெமில் சுடப்பட்டு இறந்தார். அவர் பெருமை வேறு. நீங்கள் கேட்டது கைகள் தனித்தனியாக ஓடுகிற முறையைப் பற்றி. அந்தக் கணக்கு கண்டிடோவுக்குத்தான் போகும்.

கியூப ரும்பாவில் மூன்று மேளத்துக்கும் மூன்று ஆள். தாழ்ந்த சுருதித் தும்பா அடித்தளம், நடுமேளம் அதற்கு எதிர்ப்பேச்சு, உச்சஸ்தாயி கின்ட்டோ மனோதர்மம். மூன்று குரலையும் ஒருவர் எடுத்துக்கொள்ளும்போது அவை மூன்றாகவே கேட்கவேண்டும். அது நடக்காமல் மேளங்களின் மேல் கை ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் குற்றச்சாட்டு அந்த ஆளுக்குப் பொருந்தும்.

பழகும் விதம் இது. நடுமேளத்தில் இடதுகை மட்டும்: உள்ளங்கை அடிப்பாகம், விரல் நுனி, உள்ளங்கை, நுனி என்று 16 சம அடிகள். மெட்ரோனோம் 60ல், ஒரு சொடுக்குக்கு இரண்டு அடி. வலதுகை கின்ட்டோவில் 3-2 சோன் கிளாவே வாசிக்கும். கிளாவே என்பது கியூப இசையைத் தாங்கி நிற்கும் ஐந்தடித் தாளக்கோலம். அது 1, 4, 7, 11, 13ஆம் அடிகளில் விழும். இடதுகையோடு வைத்துப் பாருங்கள்: நான்கு அடிகள் உள்ளங்கையோடு சேர்ந்து விழுகின்றன, 4ஆவது மட்டும் விரல் நுனியோடு. இடதுகை தடுமாறும் இடம் அதுதான். வலதுகையின் பலத்தைப் பார்த்து நுனியும் பலமாக அடித்துவிடும், அடுத்த உள்ளங்கை அடி சீக்கிரம் வந்துவிடும். வேகத்தைக் கூட்டினால் இது சரியாகாது, மறைந்து மட்டும் போகும். நுனி அடி காதில் விழுந்தும் விழாத அளவில் நிற்கும்வரை 60லேயே இருங்கள். பிறகு ரும்பா கிளாவே: 7க்குப் பதில் 8. இப்போது நுனியோடு இரண்டு அடிகள். இது நிலைத்த பின்தான் வலதுகையை மனோதர்மத்துக்கு அவிழ்த்துவிடலாம்.

பளிச்சென்று கூர்மையாகக் கேட்கும் ஸ்லாப் அடியைப் பலத்தால் வரவழைக்கப் பார்க்காதீர்கள். கை தளர்ந்து, விரல்கள் லேசாகக் குவிந்து தோலில் விழவேண்டும். கட்டைவிரல் விளிம்பு வளையத்தில் படவே கூடாது.

மூன்று மேளத்துக்குச் சுருதி: தும்பா ஜி, நடுமேளம் சி, கின்ட்டோ ஈ என்பது பரவலாக வைக்கும் முறை. நம் கணக்கில் கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம். இது கலைந்தால் மூன்று மேளம் வைத்ததற்கே பொருளில்லை. பக்கவாட்டு ஆணிகளை ஒரே பக்கம் முறுக்காமல், எதிரெதிராக, ஒரு தடவைக்குக் கால் சுற்று வீதம் முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் ஓப்பன் டோன் என்ற திறந்த அடியில் இரண்டு ஸ்வரம் கலந்து ஒலிக்கும். மாட்டுத்தோலின் சுருதி ஏசி அறையில் ஏறும், ஈரக்காற்றில் இறங்கும். எனவே மேடைக்குப் போனபிறகு மறுபடி பாருங்கள். வாசித்து முடித்ததும் எல்லா ஆணியையும் ஒரே அளவு தளர்த்திவையுங்கள், இல்லையென்றால் தோல் கிழியும், உடல் பலகையும் விரியும்.

கேட்க 1954ல் பியானோ கலைஞர் பில்லி டெய்லரின் மூவர் குழுவோடு கண்டிடோ செய்த ஆல்பம் போதும். பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் இருக்கும்போதும் காங்கா யாருடைய இடத்தையும் மிதிக்காது. அவர் 2020 நவம்பரில், 99 வயதில் இறந்தார். 1979ல் டிஸ்கோ இசைத்தட்டும் போட்டார். அதை வைத்து அவரை மட்டம் தட்டுபவர்கள் 2008ல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் விருது யாருக்குப் போனது என்று பார்க்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியாகவேண்டும். தாளக்காரர் பாட்டும் எழுதுவார் என்பதை ஜாஸ் உலகம் லேசில் ஒப்புக்கொண்டதில்லை. 'ஆஃப்ரோ ப்ளூ' மோங்கோ சாந்தமரியா என்ற காங்கா கலைஞர் இயற்றியது. 1959ல், அவர் கால் ஜேடர் என்ற ஜாஸ் கலைஞரின் குழுவில் இருந்தபோது வெளிவந்தது. 1963ல் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதை நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் ஜாஸ் அரங்கில் வாசித்தார். அந்த இசைத்தட்டின் சில பதிப்புகளில் இயற்றியவர் என்று கோல்ட்ரேன் பெயரே அச்சானது. இன்றும் அது கோல்ட்ரேன் பாட்டு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கோல்ட்ரேனின் வாசிப்பு மகத்தானது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஆறு எண்ணிக்கையில் ஓடுகிற அந்த மெட்டின் நடை ஒரு காங்காக்காரரின் கையிலிருந்து வந்தது. அடுத்த முறை இந்தப் பாட்டைப் பற்றிப் பதிவிடும்போது மோங்கோ பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.