பறக்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறாவிட்டால் சின்ன விமானத்தின் இன்ஜின் நின்றுவிடுமா? கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் பயிற்சி மாணவர் என்று நினைக்கிறேன். வோல்ட் மீட்டர் 14-இலிருந்து மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரியை மாற்று, ரெகுலேட்டரை (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்று என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள்.

முதல் கேள்விக்கு விடை: உங்களுடையது கார்புரேட்டர் வைத்த ரோடாக்ஸ் 912 (சின்ன விமானங்களில் அதிகம் வரும் இன்ஜின்) என்றால் நிற்காது. இக்னிஷனுக்கு இன்ஜினுக்குள்ளேயே தனிச் சுருள்கள் இருக்கின்றன, அதுவும் இரண்டு செட். பேட்டரி செத்தாலும் பிளக்கில் பொறி வரும். பெட்ரோல் பம்பையும் இன்ஜினே ஓட்டுகிறது. போவது ரேடியோ, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், முன்னால் இருக்கும் திரை, ஸ்டிக்கின் பாரத்தைச் சரிசெய்யும் மின்சார டிரிம் இதெல்லாம்தான். அதே இன்ஜினின் இன்ஜெக்‌ஷன் வகையான 912 ஐஎஸ் மட்டும் வேறு கதை. அதில் பெட்ரோலைப் பீய்ச்சுவதே கணினி என்பதால் மின்சாரம் இல்லாமல் ஓடாது. அதற்காகவே அதில் இரண்டு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. நான் கோத்தகிரியில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் சமவெளியில் மைக்ரோலைட் என்கிற இலகு விமானங்களை நிறுத்தும் ஒரு ஹேங்கரில் ஆறு வருஷம் உதவியாளாக இருந்தேன். "ஜீப்புக்கு வயரிங் பார்க்கிறவனுக்கு விமானத்தில் என்ன வேலை" என்று கமெண்டில் கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் உரிமம் இல்லை, இருப்பதாக நான் சொல்லவும் இல்லை. கீழே வரும் வேலையில் கருவியைத் தொட்டதும் கையெழுத்துப் போட்டதும் உரிமம் உள்ள பொறியாளர்தான். ஆனால் கோளாறைக் கண்டுபிடித்தது நான்.

மூன்று வருஷம் முன்பு, ஆடி மாதம், எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூடுபனி. பழைய முதலாளி மேட்டுப்பாளையம் பாதையில் வண்டியை ஏற்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பையிலிருந்து துடுப்பு துடுப்பாக இருக்கும் அலுமினிய ரெகுலேட்டரை எடுத்து மேசையில் வைத்தார். "பாருங்க தம்பி, ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, புது ரெகுலேட்டரும் போட்டாச்சு. நாலு நாள் நல்லா ஓடுது, அப்புறம் மறுபடி அதே கதை. இது பழசு, உள்ள என்ன போச்சுன்னு பாருங்க" என்றார்.

"பழைய பேட்டரி எப்படிங்க சார் போச்சு?" என்று கேட்டேன். ஒன்று இறங்கிப் போனதாம். இன்னொன்று வயிறு உப்பிவிட்டதாம்.

அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. சார்ஜ் ஏறாமல் இறங்குவதும் அதிகமாக ஏறி உப்புவதும் ஒன்றுக்கொன்று எதிரான கோளாறுகள். ஹேங்கரில் எல்லோரும் இதை இரண்டு நோயாகப் பார்த்திருக்கிறார்கள்.

ரெகுலேட்டரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வரிசையாக நிற்கும் தகடுகளில், கனெக்டர் கவ்விய இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் இருந்தது. சி என்று போட்ட தகட்டில் மட்டும் கோடு இல்லை, மங்கலாகக் கறுப்புப் பொடி. விரலில் ஒட்டியது. தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டிகளில் இதை நான் வாரம் ஒன்று பார்க்கிறேன். கனெக்டரின் பிடி தளர்ந்தால், அதிர்வில் தகடு உரசி உரசி அந்தப் பொடி வரும்.

அந்த சி கம்பிதான் பேட்டரியில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று ரெகுலேட்டருக்குச் சொல்வது. அது விட்டுப்போனால் ரெகுலேட்டர் சார்ஜையே நிறுத்திவிடும். அரைகுறையாகத் தொட்டால், பேட்டரியில் குறைவாக இருப்பதாக நினைத்து மேலும் மேலும் தள்ளும். உப்பியதற்கும் இறங்கியதற்கும் ஒரே கம்பிதான் காரணம். புது ரெகுலேட்டர் நாலு நாள் ஓடியதும் அதனால்தான்: செருகும்போது உரசியதில் கனெக்டர் சுத்தமாகிவிடுகிறது.

மறுநாள் கீழே போனேன். ரெகுலேட்டரின் சி தகட்டில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி கேபினுக்குள் கொண்டுவந்து, இரண்டு மீட்டர் வைத்தோம். பொறியாளர் இன்ஜினை 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு 4000 சுற்று) ஏற்றினார். பேட்டரியில் 15.1, சி தகட்டில் 14.0. யாரும் பேசவில்லை. புது டெர்மினல் அடித்து, கம்பியை ஆடாமல் கட்டினார். பிறகு இரண்டு மீட்டரும் ஒரே எண். இன்றுவரை புகார் இல்லை.

அதனால் நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள், அளக்கும்போது உரிமம் உள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சி கம்பியை முதலில். அடுத்து எர்த்: ரெகுலேட்டரின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போது வோல்ட் ஏறக்குறைய சைபராக இருக்க வேண்டும். பெயின்ட் மேல் போல்ட் போட்டு முறுக்கியிருந்தால் இருக்காது. ஜெனரேட்டரிலிருந்து வரும் இரண்டு மஞ்சள் கம்பிகளுக்கு நடுவே ஏசி வோல்ட் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏற வேண்டும். அந்த இரண்டுக்கும் எர்த்தோடு தொடர்பே இருக்கக் கூடாது. இதில் தவறினால்தான் ஸ்டேட்டர், அதாவது ஜெனரேட்டரின் சுருள், மாற்றும் செலவு. ரெகுலேட்டர் 80 டிகிரிக்கு மேல் சூடானால் தாங்காது, அதற்குக் காற்று படுகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. அந்த ஜெனரேட்டர் மொத்தமே 250 வாட், அதுவும் 5800 ஆர்பிஎம்மில். ஐடிலில் அதில் கொஞ்சம்தான் வரும். லைட், போன் சார்ஜர், டேப்லெட் என்று மாட்டிக்கொண்டே போய், தரையில் கால் மணி நேரம் ஐடிலில் நின்றால் பேட்டரி இறங்கத்தான் செய்யும்.

இதை எழுதும்போது கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக்கு வருகிற வண்டிகளிலும் இதே கதை. கூரை மேல் எல்இடி பட்டை, பம்பரில் இன்னும் நாலு. குஞ்சப்பனைக்கு மேலே மூடுபனியில் அதை முழுசாகப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். பனியில் வெள்ளை வெளிச்சம் அவர்கள் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே ஏறி வருகிறவனுக்குச் சாலையே தெரியாது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையில் சட்டம். கடைக்கு வந்து "பேட்டரி நிக்க மாட்டேங்குதுண்ணா" என்று அதே ஆட்கள்தான் கேட்கிறார்கள். அந்த லைட்டுகளை நான் மாட்டித் தருவதில்லை. வருமானம் போகிறது, போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 4000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் எவ்வளவு, சி தகட்டில் எவ்வளவு, மஞ்சள் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு என்று மூன்று எண்களையும் கமெண்டில் போடுங்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு பார்த்துச் சொல்கிறேன்.