இனிய முகத்துக் கொலைகாரன்

கேள்வி: திகில் படங்களில் கோரமான கொலைகாரனைவிட இனிமையாகப் பழகும் கொலைகாரனே அதிக அச்சமூட்டுவது ஏன்?
- வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: கோரமுகத்தைக் கண்டால் கதவைத் தாழிடும் நாம், கூச்சத்தோடு சிரிப்பவனை நம்பிவிடுகிறோம். றொபர்ட் புளொக் 1959இல் எழுதிய 'சைக்கோ' நாவலில் கொலைகாரனான நோர்மன் பேட்ஸ் பருத்த, குடிப்பழக்கமுள்ள நடுவயதுக்காரன். மறு ஆண்டு அதைப் படமாக்கிய இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக்கோ, மெலிந்த, அழகிய அந்தனி பேர்கின்ஸை அப்பாத்திரத்தில் நடிக்கவைத்தார். கொலையுண்டவளின் உடலோடு காரைச் சதுப்பு நிலத்தில் அவன் அமிழ்த்தும்போது, அது பாதியில் ஒரு கணம் நின்றுவிட, அமிழ்ந்துவிடாதா என்று நாமும் அவனோடு சேர்ந்து தவிக்கிறோமே, அந்தத் தவிப்புத்தான் என்னை இன்றுவரை உலுக்குகிறது. கொலையைக் காட்டிலும் அதுவே பெரிய திகில்.

தமிழில், 1978இல் பாரதிராஜா இயக்கிய 'சிகப்பு ரோஜாக்கள்' கமல்ஹாசனின் காதல் நாயகத் தோற்றத்தையே பொறியாக்கியது. அதன் துணிவை மதிக்கிறேன். ஆயினும், கொலைகாரனின் வெறிக்குப் பெண்களின் நடத்தையையே காரணமாக்கும் அதன் கதைப்போக்கை என்னால் ஏற்க முடியவில்லை.