பட்டா நிலச் செம்மரம்: அனுமதி இன்னும் தேவையா?

வணக்கம் ஐயா. பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய இனி அனுமதியே வேண்டாம் என்று தரகர் கூறியதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள், நம்ப வேண்டாம். இந்தியச் செம்மர வணிகத்தை 2004 முதல் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்த, அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் நிலைக்குழு, 2023 நவம்பரில் ஜெனீவாவில் அந்தக் கண்காணிப்பை விலக்கிக்கொண்டது உண்மைதான். மரம் வளர்ப்போருக்கு அது நல்ல ஆதரவு. தரகர் அதைத்தான் திரித்திருக்க வேண்டும். ஆனால் 1995-இல் சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்ட செம்மரம் இன்றும் அங்கேயே இருக்கிறது. அப்பட்டியல் வணிகத்தைத் தடுப்பதில்லை. மரம் சட்டப்படி பெறப்பட்டது என்பதற்கும், வணிகத்தால் இனத்துக்குக் கேடில்லை என்பதற்கும் உறுதி கேட்கிறது. ஆகவே வனத்துறை அனுமதியும் ஏற்றுமதி உரிமமும் சைட்டீஸ் சான்றும் கைக்கு வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள். அதற்கு முன், கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் செம்மரம் என்றே பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள்.