ஆய்வில் சிறுநீர் அயடின் 100க்குக் கீழ் வந்தவர்கள் எல்லாருக்கும் அயடின் குறைபாடா?

இல்லை, ஒற்றைச் சிறுநீர் மாதிரியை வைச்சு ஆட்களை அப்படி எண்ண ஏலாது. லீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் என்ற எல்லை முழுக் குழுவின் இடையத்துக்கு (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதுக்கு) மட்டும்தான். உங்கட ஆய்வின் இடையம் 100க்கு மேல் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. 199 தாண்டாட்டி வளர்ந்தோருக்குப் போதும். (கர்ப்பிணிகளைக் கலக்காதீங்க, அவர்களுக்கு 150–249.)

குழப்புவது பெரும்பாலும் தண்ணீர். மட்டக்களப்பின் படுவான்கரை வயலில் வேர்த்து நிற்பவரிடம் மத்தியானம் எடுத்தால் சிறுநீர் கடும் மஞ்சள்; அயடின் உள்ளதைவிடக் கூடக் காட்டும். தண்ணி நிறையக் குடிச்சவருக்கு மறுவளம்.

பத்திலொரு பங்கு பேரிடமாவது வேறொரு நாள் இரண்டாம் மாதிரி எடுத்து, ஒரே ஆளுக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பரம்பலைத் திருத்துங்க. பிறகு அயடின் செறிவை ஒரு நாள் சிறுநீரின் லீற்றரால் பெருக்கி 0.92ஆல் வகுத்தால் உள்ளெடுப்பு வரும். ஒப்பிட வேண்டியது வளர்ந்தோரின் சராசரி நாள் தேவையான 95 மைக்கிரோகிராமுடன், பரிந்துரைக்கும் அளவான 150 உடன் அல்ல.

காயத்துக்குப் பூசும் பொவிடோன் அயடின் பட்ட கையால் போத்தலைத் தொட்டால் அந்த மாதிரியை வீசிவிடுங்க.