இவருக்குப் பதில் இவர்

வணக்கம் ஐயா,

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். பாடசாலை ஆசிரியர். எங்கள் வீட்டில் மாலை ஆறரைக்குப் போடும் தொலைக்காட்சி இரவு பத்துக்குத்தான் நிற்கும். ஒன்று முடிய ஒன்றாக இந்தியத் தொடர்கள். அம்மா அவற்றைப் பார்த்து உண்மையாகவே அழுகிறார். அந்த நேரத்தில் யார் வந்தாலும் ‘விளம்பரம் வரட்டும்’ என்கிறார். சனி, ஞாயிறு என்றால் உருவத்தைச் சொல்லிக் கேலி செய்யும் நகைச்சுவை நிகழ்ச்சிகள், பிறகு நட்சத்திர நடனப் போட்டிகள். பரதம் பழகும் என் ஒன்பது வயது மகள், ‘நடுவர்கள் எழும்பி நின்று கைதட்டுகிற டான்ஸ்’ பழக வேண்டும் என்கிறாள். ‘கதிரை’யை மறந்து ‘சேர்’ என்கிறாள். கூத்து வளர்ந்த வன்னி மண்ணில், இத்தனை இழப்புக்குப் பிறகு, படிக்காத பெண்களை அழவைத்துப் பணம் பண்ணும் இந்தக் குப்பையை நீங்கள் ஏன் கண்டித்து எழுதுவதில்லை? மகளை நான் என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கைபேசிக்கு வந்தபோது நான் முள்ளியவளையில் அக்கா வீட்டுக் குந்தில் இருந்தேன். உள்ளே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தொடர் என்றோ சீரியல் என்றோ சொல்வதில்லை, நாடகம்தான். வாசித்து முடித்து நிமிர்ந்தால், திரையில் ஒரு மாமியாரின் முகத்தை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தரம் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தரமும் தகரக் கூரையில் கல் விழுந்ததுபோல ஒரு சத்தம். “ஒருக்கால் காட்டினால் எங்களுக்கு விளங்காதா?” என்று அக்கா திரையைக் கேட்டார். கேட்டுவிட்டு, மூன்றாவது தரத்தையும் கண்ணெடுக்காமல் பார்த்தார். சில மாதங்களாக என்னைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்பது இந்த முகம்தான். அதனால் பதில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்குத்தானா என்பது வேறு கதை.

நகைச்சுவை பற்றி நீங்கள் எழுதியது சரி. 2005இல் ‘கலக்கப்போவது யாரு’ தொடங்கியபோது பலகுரல்காரர்களின் உழைப்பு அதில் தெரிந்தது. இப்போது பல நிகழ்ச்சிகளில் ஆணுக்குச் சேலை கட்டிவிட்டால் பகிடி முடிந்தது என்று நினைக்கிறார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

‘சேர்’ விஷயத்தை விடுங்கள். ‘கதிரை’யை எங்கள் பாட்டன்மார் போர்த்துக்கேயரிடம் வாங்கினார்கள். உங்கள் மகள் ஆங்கிலேயரிடம் வாங்குகிறாள். திரையில் எங்கள் பேச்சு இல்லை என்பது உண்மையான குறைதான். எழுபதுகளில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ இலங்கை வானொலியில் போனபோது, கதையும் எங்களுடையது, பேச்சும் எங்களுடையது. இன்று ஒரு தொடரைத் தயாரிப்பதைவிட இந்தியாவில் ஓடியதை வாங்கி ஒளிபரப்புவது மலிவு. அந்தக் கணக்குக்கு உங்கள் அம்மா பொறுப்பில்லை.

நடனப் போட்டிக்கு வருகிறேன். 2004இல் பிபிசி ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ என்று ஒன்றைத் தொடங்கியது. ஆட்டம் தொழிலில்லாத பிரபலம் ஒருவரை, ஆட்டமே தொழிலான ஒருவரோடு சோடி சேர்த்துப் பழக்குவார்கள். நான்கு நடுவர்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது புள்ளி. அதோடு பார்ப்பவர்களின் வாக்கு. முதல் தொடரை வென்றவர் அப்போது செய்தி வாசித்துவந்த நடாஷா கப்ளின்ஸ்கி. 2005இலும் 2006இலும் வென்றவர்கள் கிரிக்கெட் வீரர்கள். அதன் ருசி ஆட்டத்தில் இல்லை, பழகுவதில் இருக்கிறது. முதல் கிழமை உலக்கைபோல நின்ற மனிதர் எட்டாம் கிழமை இடுப்பை அசைக்கிறார். சனம் காத்திருந்தது அதற்குத்தான். தமிழில் 2006இல் விஜய் தொலைக்காட்சியின் ‘ஜோடி நம்பர் ஒன்’ வந்தது, அடுத்த வருடம் கலைஞர் தொலைக்காட்சியின் ‘மானாட மயிலாட’ வந்தது. ஆடியவர்கள் பெரும்பாலும் நடிகர்கள், முதல் நாளே ஆடக்கூடியவர்கள். பழகுவதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நடுவரின் கண்ணீரை வைத்தார்கள். அக்காவுக்கு இந்தப் போட்டிகள்மீது ஒரே சந்தேகம்தான்: “இவ்வளவு துள்ளியும் ஒரு சொட்டு வியர்வை இல்லையே!”

பழகுவது எங்கள் ஊரில் இருந்தது. காத்தவராயன் கூத்தில் ஆடுவதாக நேர்த்தி வைத்தவர்களுக்குத் தாளம் வருகிறதா என்று மாரியம்மன் பார்ப்பதில்லை. எங்கள் அயலில் வயல் செய்கிற ஒருவர் அப்படி நேர்த்தி வைத்தார். அவருக்குக் கால் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவரைக் கழிக்க முடியாது, நேர்த்தி ஆயிற்றே. மூன்று மாதம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, முற்றத்தில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் குதிக்காலில் பிரம்பால் தட்டித் தட்டிப் பழக்கினார். சிறுவனாக நான் அந்தக் குதிக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பித்தவெடிப்பு, அதற்குள் வயல் சேறு. அரங்கேறிய அன்றும் இரண்டு இடத்தில் தவறவிட்டார். ஒருவரும் புள்ளி போடவில்லை.

இனி நீங்கள் எழுதிய ஒரு சொல்லுக்கு வருகிறேன். ‘படிக்காத பெண்கள்.’ தம்பி, இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? உங்களைப் படிப்பித்தவர் அந்தப் பெண்தானே? கூத்து வளர்ந்த மண் என்கிறீர்கள். கடைசியாக எப்போது ஒரு கூத்தை விடியும்வரை இருந்து பார்த்தீர்கள்? பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: எங்கள் கூத்தின் கதை எந்தச் சீரியலுக்கும் இளைத்ததல்ல. கிட்டாத பெண்ணுக்காகக் காத்தவராயன் பெற்றவளை எதிர்த்துக் கழுமரம்வரை போகிறான். முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பாயும் கச்சான் சரையுமாக வந்து விடியவிடிய இருந்து, அதே இடத்தில் அதே பெண்கள் அழுதார்கள். அப்போது அதற்குப் பெயர் பக்தி, இரசனை, மரபு. அதே கண்ணீர் வீட்டுக்குள் வந்தால் குப்பையா?

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இதைத்தான் நான் எழுத நினைத்திருந்தேன்.

காத்தவராயனாக ஓர் இரவில் ஒருவர் ஆடுவதில்லை. ஆதிகாத்தான், நடுக்காத்தான், கழுவேறுகிற காத்தான் என்று ஆள் மாறும். எத்தனை பேர் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். முதற்காத்தான் கட்டையானவர், கறுவல். அடுத்தவர் நெட்டை, குரலும் கீச்சு. சபை ஒரு கணம்கூடக் குழம்பாது. பக்கத்தில் இருந்த கிழவி, “நடுக்காத்தான் வந்துவிட்டான், எழும்பு” என்று தூங்கிய பேரனைத் தட்டுவார். அவ்வளவுதான் அறிவிப்பு. முந்தியவர் ஒப்பனையோடேயே வந்து எங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பிளேன்டீ குடிப்பார். காத்தான் மேடையில் ஆடுவான். ஒருவருக்கும் அதில் முரண் தெரிந்ததில்லை.

தொலைக்காட்சி நாடகத்தில் ஆள் மாறினால், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஒரு வரி போடுகிறார்கள். அந்த வரியைப் பகிடி பண்ணாத வீடு இல்லை. 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, ‘எதிர்நீச்சல்’ நாடகத்தில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாரடைப்பால் இறந்தார். சில வாரங்களில் அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர். கம்பீரமான மீசை. அக்கா முதல் நாளே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். “மீசையை வைத்துவிட்டால் அவனாகிவிடுவானா?” சிறுமியாக இருந்தபோது மூன்று காத்தான்களை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட அதே மனுஷி.

ஏன் என்று பல நாள் யோசித்தேன். கூத்தில் முகம் கிடையாது. பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில், பத்து யார் தள்ளி, அரிதாரத்துக்குள் எந்த முகம் தெரியும்? முடியும் உடுப்பும் சதங்கையும் பாட்டும்தான் காத்தான். வேடம் ஊருடையது. ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் சுமந்து, களைத்ததும் இறக்கி வைக்கிறார், அடுத்தவர் தூக்குகிறார். தொலைக்காட்சி நாடகத்திலோ முகம்தான் வேடம். உடுப்பு மாறும், வீடு மாறும், வில்லன் நல்லவனாவான், கதையை எழுதுபவர்களே கதையை மறப்பார்கள். மாறாதிருப்பது முகம் ஒன்றுதான். ஆறடி தூரத்தில், கிழமைக்கு ஐந்தாறு நாள், அரை மணித்தியாலம், வருடக்கணக்காக. அக்கா தன் பேரப்பிள்ளையின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவன் கனடாவில் பிறந்தவன். மூன்று தரம் காட்டுவதைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம். முகத்தைப் பார்க்கவே வந்து இருப்பவருக்கு மூன்று தரம் அதிகமா?

இரண்டு கிழமை கழித்துப் போனேன். அக்கா புதுக் குணசேகரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, சரியாகிவிட்டதா?”

“குரல் வேறுதான். திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா?”

‘எதிர்நீச்ச’லை அக்கா பார்க்கத் தொடங்கியதே, அது “தொல்காப்பியன் எடுத்த நாடகம்” என்பதால்தான். ‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வத்தைச் சொல்கிறார். அதில் தொல்காப்பியனாக நடித்தவரும் அவரே. 2003 நவம்பரில் ‘கோலங்கள்’ தொடங்கியபோது, வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்திருந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மூடிய பிறகும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டருக்கு ஆளுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய் என்று முறைவைத்து, எண்ணெய் கிடைத்த நாட்களில் பார்த்தார்கள். 2008 கடைசியில் போர் நெருங்கி முள்ளியவளையை விட்டுப் புறப்பட்டபோது கதை பாதியில் நின்றது.

2009 நடுப்பகுதியில் அக்கா, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தார். நான் வவுனியாவில் இருந்தேன். முட்கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், என்னைப்போல இன்னும் நூறு பேர். கத்தினால்தான் கேட்கும். ஒன்பது மாதத்துக்குப் பிறகு பார்க்கிறோம். பாதி ஆளாகியிருந்தார். கொண்டுபோன பாணையும் சவர்க்காரத்தையும் பற்றிச் சொல்லி முடித்தேன். பிறகு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அக்கா கத்தினார்:

“அபிக்கு என்ன நடந்தது?”

எந்த அபி என்று விளங்க எனக்கு நேரம் எடுத்தது. ‘கோலங்கள்’ அபி, தேவயானி. விளங்கியதும் கோபம் வந்தது. இத்தனை நடந்த பிறகு இதுவா கேள்வி என்று, அந்தச் சனத்துக்கு நடுவில், என்னைவிட எட்டு வயது மூத்தவரைத் திட்டினேன். அக்கா திட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் உனக்குத் தெரியாது. இதாவது தெரிந்திருக்கும் என்று கேட்டேன்.”

அவருடைய இளைய மகனைப் பற்றி அன்றைக்கும் தகவல் இல்லை. இன்றைக்கும் இல்லை.

எனக்கு அபியைப் பற்றியும் தெரியாது. நான் ‘கோலங்கள்’ பார்த்ததில்லை. அப்போது நானும் உங்களைப்போலத்தான், குப்பை என்று சொல்லித் திரிந்தேன். அடுத்த முறை போவதற்கு முன், நான் இருந்த வீட்டுக்காரப் பெண்ணிடம் கதையைக் கேட்டு ஒரு கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு போனேன். டிசம்பர் 1ஆம் திகதி முகாமில் இருந்தவர்களை வெளியே போய்வர விட்டார்கள். அதே கிழமையில், ஆறு வருடமும் 1,500க்கு மேற்பட்ட பகுதிகளும் ஓடி, ‘கோலங்கள்’ முடிந்தது. என் வாடகை வீட்டில் பாயில் இருந்து கடைசிப் பகுதியை அக்கா பார்த்தார். நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் விட்டுப்போயும் கதை விளங்கியதாகச் சொன்னார். தொடர்களைப் பற்றி இதைவிடக் கடுமையான விமரிசனம் உங்களாலும் எழுத முடியாது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பரதத்தை நிறுத்தாதீர்கள், மற்றதைத் தடுக்கவும் வேண்டாம். எதைத் தொட்டாலும் மூன்று மாதத்துக்கு முன் விடக்கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். வியர்க்கட்டும்.

இன்னொன்று. போன கிழமைக் காற்றில் அக்கா வீட்டு டிஷ் திரும்பிவிட்டது. திருத்துகிறவர் ‘நாளை, நாளை’ என்கிறார். ‘எதிர்நீச்சல்’ இரண்டாம் பாகத்தில் குணசேகரன் விஷயம் எந்த மட்டில் நிற்கிறது என்று அம்மாவிடம் கேட்டு, எனக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். விளம்பரம் வரும்போது கேளுங்கள்.