1837-ல் ஹனோவர் பிரிந்தது எப்படி?

போரும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, அப்புறம் பிரிட்டன், அந்தக் கால ஜெர்மன் நாடுகள்ல ஒண்ணான ஹனோவரை எப்படி இழந்ததுன்னு கேட்டிருக்கீங்க. அது பிரிட்டனுக்குச் சொந்தமாவே இருந்ததில்லைங்க. 1714-லேர்ந்து ராஜா மட்டும்தான் பொது. சட்டம், படை, அமைச்சர்கள் எல்லாம் தனித்தனி. வாரிசு விதியும் அப்படித்தான்.

ரெண்டுக்கும் ராஜாவா இருந்த நாலாம் வில்லியம் 1837 ஜூன் 20 அன்று இறந்ததும், லண்டனில் தம்பி மகள் விக்டோரியா அரியணை ஏறினார். ஹனோவர் விதிப்படி, அரச வம்சத்தில் ஆண் வாரிசு இருக்கும்வரை பெண்ணுக்கு இடமில்லை. அதனால அங்கே கிரீடம் விக்டோரியாவின் சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போச்சு.

கூத்து என்னன்னா, 1840-ல் விக்டோரியாவுக்கு முதல் குழந்தை பிறக்கும்வரை பிரிட்டனுக்கும் அடுத்த வாரிசு அதே சித்தப்பாதான்! அதுக்கு முன்னாடி விக்டோரியாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா, ரெண்டு கிரீடமும் மறுபடி ஒரே தலையில் ஏறியிருக்கும்.