மொதல்ல ஒரு ராத்திரி

தம்பிக்கு,

நான் தேவகோட்டைப் பக்கம். வயசு 68. மகனுக்கு 37, டவுன் சிண்ட்ரோம். அவன் அப்பச்சி, எங்க வீட்டுக்காரரு, தவறினதுக்கப்புறம் இந்தப் பெரிய வீட்டுல நானும் அவனும்தான். மக சிங்கப்பூர்ல இருக்கா. எனக்கு முழங்கால் மூட்டு மாத்தணும்னு மதுரைல சொல்லி நாளாச்சு, இவன யாருகிட்ட விடறதுன்னே தள்ளிப் போடுறேன். கொஞ்ச நாள் ஒரு ஹோம்ல விடலாமான்னு கேட்டா, பெத்த பிள்ளைய விடுதில தள்ளிட்டான்னு ஊரு பேசும்ங்கிறாக பங்காளிக. எனக்கப்புறம் இவனுக்கு யாரு? வீடு பாதி பூட்டித்தானே கெடக்கு, இதையே இவன மாதிரிப் பிள்ளைகளுக்கு இல்லமா ஆக்கிரலாமான்னும் தோணுது.

ஒரு ஆத்தா

ஆச்சி,

ஊரு பேசட்டும். ராத்திரி அவன் எந்திரிச்சு உக்காந்தா கூட உக்கார ஊரு வராது.

ஆனா பங்காளிக பயத்த ஒரேடியா தள்ள மாட்டேன். 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடில ஒரு காப்பகத்துல சங்கிலில கட்டிப் போட்டிருந்த 28 பேரு தீயில போயிட்டாக, நம்ம பக்கம் விடுதின்னாலே இன்னும் அதுதான் ஞாபகம் வருது. அங்க இருந்தவுக மனநோய்க்குன்னு கொண்டாந்து விடப்பட்டவுக, உங்க மகனுக்கு இருக்கறது நோயே இல்ல, பிறவிலயே ஒரு குரோமோசோம் கூடுதல், அவ்வளவுதான். ஆனாலும் போய்ப் பாக்கறப்ப ஏர்வாடிய மனசுல வச்சுக்கிட்டே பாருங்க. ராத்திரி யாரு தங்குறாக, எத்தன பேருக்கு ஒரு ஆளு, கதவு எந்தப் பக்கம் பூட்டுறாக, சொல்லாம போனா உள்ள விடுறாகளா, இத கேளுங்க. டைல்ஸ் பளபளப்பையும் வாசல்ல இருக்க பிள்ளையாரையும் பாத்து முடிவு பண்ணிராதீங்க.

நீங்க கேக்கறது ரெஸ்பைட் கேர், அதாவது கொஞ்ச நாள் விட்டுட்டு திரும்பக் கூட்டிட்டு வர்றது. இதுல பாவம் புண்ணியம் எங்க வந்துச்சு? மனவளர்ச்சிக் குறைபாடு மாதிரி உள்ளவுகளுக்குன்னு 1999ல வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்துலயே, பெத்தவுகளுக்கு நெருக்கடின்னா உதவுற அமைப்புகளுக்குக் கைகொடுக்கணும்னு இருக்கு, அது கீழ கொஞ்ச நாள் தங்க சமர்த், 18 வயசுக்கு மேல நெடுநாள் தங்க கரௌண்டான்னு தனித்தனித் திட்டமே போட்டாக. சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கிட்ட போய் பதிவு பெற்ற இல்லம் எதெதுன்னு கேளுங்க, தெரிஞ்சவுக சொன்னாகன்னு போகாதீங்க.

இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். மொத தடவ விடறத ஆபரேஷனோட சேத்து வைக்காதீங்க. அவனுக்கு அது எப்படித் தெரியும்னு பாருங்க, அப்பச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாக வரல, இப்ப ஆத்தாவும் ஆஸ்பத்திரிக்குப் போகுது, என்னையும் எங்கயோ கொண்டுபோய் விடுறாக. அதனால உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கப்பவே ஒரு பகல் போய் இருந்துட்டு வரட்டும், அடுத்து ஒரு ராத்திரி, அப்புறம் சனி ஞாயிறு. போனா திரும்பி வருவோம்னு அவன் உடம்புக்கே பழகணும். அதுக்காக டாக்டர்கிட்ட ரெண்டு மூணு மாசம் தள்ளிக் கேட்டாலும் தப்பில்ல, இவ்வளவு நாள் தள்ளிப் போட்டவுகதானே.

இன்னொண்ணு, டவுன் சிண்ட்ரோம் இருக்கவுகளுக்கு தைராய்டு கோளாறு ஜாஸ்தி, நாப்பதுக்கு மேல மறதி நோயும் மத்தவுகள விட ரொம்ப சீக்கிரம் வரலாம். அவன் இப்ப எப்படி இருக்கான், தானா சட்டை போடுறானா, வலிச்சா எப்படிக் காட்டுவான், எத சாப்பிட மாட்டான்னு ஒரு தாள்ல எழுதி ஹோம்ல குடுங்க, ஒரு காப்பி மகளுக்கும் அனுப்புங்க. இப்பவரைக்கும் அது உங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு.

அப்புறம் அந்தப் பெரிய வீடு. நல்ல மனசுல கேக்குறீக, ஆனா வேணாம் ஆச்சி. அதுல எத்தன புள்ளிக்கு, அதாவது எத்தன குடும்பத்துக்கு, பங்கு இருக்கோ, ஒருத்தரு கையெழுத்துப் போடலேன்னாலும் நாளைக்கு கேஸு. முகப்புல இருந்து அடுப்படி போறதுக்குள்ள எத்தன படி, எத்தன நிலை, உங்க முழங்காலே சாட்சி. அது போக, இடம் பெருசா இருந்தா ஆள அடைச்சுக்கிட்டே போகத் தோணும். நியூயார்க்ல வில்லோபுரூக்னு மனவளர்ச்சிக் குறைபாடு இருக்கவுகளுக்கு ஒரு பெரிய விடுதி, 4,000 பேருக்குக் கட்டுனதுல 6,000 பேரு வரைக்கும் வச்சிருந்தாக, நாறிப்போய் 1987ல மூடிட்டாக. அந்த மாதிரி இடங்கள்ல இருந்து வந்தவுக நிறைய பேர சாதாரணத் தெருவுல சின்ன வீடுகள்லதான் குடிவச்சாக, நாலஞ்சு பேரு, ஒத்தாசைக்கு ஆளு. நம்ம வீட்டுல கல்யாணம் ஆன மகன வேறு வைக்கிறோம்ல, வளவு, அதாவது வீடு, ஒண்ணு, அடுப்பும் கணக்கும் தனி, கிட்டத்தட்ட அதுதான். உங்க மாதிரி நாலு குடும்பம் சேந்து காரைக்குடில பஸ்ஸு, கடை, ஆஸ்பத்திரி பக்கமா ஒரு வீடு வாடகைக்கு எடுத்தா அது நடக்கும். பெரிய வீட்ட வித்தோ வாடகைக்கு விட்டோ வர்ற பங்கு அதுக்கு உதவட்டும்.

எனக்கப்புறம் யாருன்னு கேட்டீக. 18 தாண்டினா பெத்த தாயே தானா கார்டியன் ஆகிற முடியாது, அந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமைல இருக்க உள்ளூர்க் குழுகிட்ட மனு போட்டுத்தான் வாங்கணும். இப்ப நீங்க வாங்குங்க, உங்களுக்கப்புறம் யாருங்கறத மககிட்ட போன்ல இல்லாம நேர்ல உக்காந்து பேசுங்க. நேஷனல் டிரஸ்டோட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் ஒரு லட்சம் வரைக்கும் உண்டு, அதுவும் மாநில அரசு தர்ற மாசம் 2,000 உதவித்தொகையும் வருதான்னு பாருங்க, இல்லேன்னா அந்த மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயே எழுதிக் குடுத்துட்டு வாங்க.

மக ஆபரேஷன் அன்னைக்குதான் வரணும்னு நிக்கும். அன்னைக்கு நர்சு இருப்பாக, பையனும் ஹோம்ல இருப்பான். நீங்க வீட்டுக்கு வந்து அவனும் திரும்பி வர்ற வாரத்துக்கு லீவு போடச் சொல்லுங்க.